பத்தி ஒன்பது

இளம்பரிதி தன் பதினாறு வருட அரசுப் பணியில் இரண்டே இரண்டு முறைதான் சொந்தமாக யோசித்தார். முதல் யோசனையின் பலன் அவருடைய வாய்க்குள் வந்து சேரப் பத்து வருடம் பிடித்தது.

அது 2064. காகிதம் செத்துப்போயிருந்த காலம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், எதைக் கேட்டாலும் கைப்பேசி அரை நொடியில் அச்சு அசலாகச் செய்து கொடுத்துவிடும், முத்திரையில் மை கசிந்திருப்பது வரைக்கும். சாட்சி சொல்கிறவரின் முகத்தையும் குரலையும்கூட அப்படியே செய்ய முடிந்தது. இந்த நாட்டில் யார் பிறந்து வளர்ந்தவர், யார் இல்லை என்று காட்ட நம்பத்தகுந்த ஒரு தாள்கூட அரசிடம் மிச்சமில்லை. அப்போதுதான் யாரோ ஒரு விஞ்ஞானி பல்லைக் காட்டினார்.

பிறந்ததிலிருந்து மூன்று வயது வரைக்கும் குழந்தை குடிக்கிற தண்ணீர் முதல் கடைவாய்ப்பல்லில் பதிந்துவிடுகிறது. காவிரி என்றால் காவிரி, கங்கை என்றால் கங்கை. அதன் பிறகு எத்தனை ஊர் மாறினாலும் பல் மாறுவதில்லை. இயந்திரம் ஒரு துகளைச் சுரண்டி எடுத்து, எந்த நீர் என்று சொல்லிவிடும். இதற்கென்று சட்டம் வந்தது. மாவட்டம்தோறும் பிறப்புநீர் ஆய்வு அலுவலகம் வந்தது. சென்னையின் தென்பகுதி அலுவலகத்தில், முப்பத்தோரு வயதில், இளம்பரிதி அலுவலராக உட்கார்ந்தார்.

வரைவு விதிகளும் சோதனைக்கான இயந்திரமும் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. விதிகள் மீது கருத்து கேட்டிருந்தார்கள். அரசாங்கத்தில் கருத்து கேட்டால் என்ன பதில் எழுதுவது என்பது எல்லோருக்கும் தெரியும். 'கருத்து ஏதுமில்லை' என்ற இரண்டு சொல்லைத்தான் நாட்டின் அத்தனை அலுவலகங்களும் எழுதின. கண்காணிப்பாளர் ஹரிஷ்குமாரும் அதையே தட்டச்சு செய்துகொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க சார். கருத்து எதுவும் வேணாம்."

"ஏன் ஹரிஷ் சார், நமக்கு மூளை இல்லையா?"

"இருக்கு சார். இருந்தாலும் வேணாம்."

இளம்பரிதிக்கு அந்தப் பதில் சோம்பேறித்தனமாகப் பட்டது. மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தார். வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் யோசித்தார். நான்காம் நாள் எழுதினார்: 'கடல் எல்லா நாட்டுக்கும் பொதுவானது. ஆகவே கடல்நீரின் தடயம் மட்டும் காணப்படும் பல்லை, இந்நாட்டு நீரில் வளர்ந்த பல்லாகக் கொள்ளலாகாது.'

மேலே இருந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம். நாடு முழுவதும் வந்த ஒரே கருத்து அதுதான். வேறு கருத்து இல்லாததால் அதுவே சிறந்த கருத்தாகவும் ஆகி, ஒரு எழுத்துக்கூட மாறாமல் விதிகளில் ஒன்பதாவது பத்தியாக உட்கார்ந்தது. ஏற்றுக்கொண்டவர்கள் இருந்த ஊரில் கடல் கிடையாது. இளம்பரிதிக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவருடைய அலுவலக மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு இருக்கைக்குப் பின்னால் மாட்டினார். சற்றே சாய்ந்தால் தலைக்கு மேலே தெரியும்படி ஆணியின் உயரத்தை இரண்டு முறை மாற்றினார்.

பத்து வருடம் ஓடியது. தென்சென்னையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பல்லில் இயந்திரம் 'கடல்' என்று சொன்னது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மனு போட்டார்கள். எல்லா மனுவுக்கும் இளம்பரிதி ஒரே வரியைத்தான் எழுதினார்: 'பத்தி ஒன்பதின்படி நிராகரிக்கப்படுகிறது.'

*

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஜெனிலா என்ற பெண் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். கடலோர ஊரூர் குப்பத்துக்காரி. இருபத்தொன்பது வயது. குழந்தைகள் காப்பக ஊழியர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவள். பல்லில் கடல் வந்ததும் அவள் குடிமகள் இல்லை என்று ஆனது. குடிமகள் இல்லாதவள் சங்கம் நடத்தக்கூடாது என்று சங்கத்தின் பதிவையும் ரத்து செய்துவிட்டார்கள்.

மனுதாரர் சன்னல் மார்பு உயரத்துக்கு இருக்கும் ஒரு சதுரத் துளை. வெளியே நிற்பவர் குனிந்தால்தான் குரல் உள்ளே வரும். உள்ளே இருக்கும் இளம்பரிதிக்கு எல்லோருடைய மோவாயும் வாயும்தான் தெரியும். பல் பார்க்கும் அலுவலகத்துக்கு அது போதும் என்று அவர் நினைத்திருந்தார்.

"சார், கோர்ட்ல ரெண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள் ஜெனிலா ஒரு செவ்வாய்க்கிழமை.

"தெரியும்மா. உத்தரவு வந்துச்சு. மறுபடி பரிசீலிக்கச் சொல்லியிருக்காங்க. பரிசீலிச்சுட்டேன். நிராகரிப்புதான்."

"நிராகரிச்சுக்கோங்க சார். நான் வேணாங்கல. ஏன்னு எழுதிக் குடுங்க. காரணம் இல்லாத உத்தரவை வச்சிக்கினு நாங்க என்ன செல்லும்னு சொல்லுவோம், என்ன செல்லாதுன்னு சொல்லுவோம்னு ஜட்ஜே கேக்குறாங்க. நீங்க ஒத்த வரி எழுதுறீங்க, அவங்க திருப்பி அனுப்புறாங்க, நீங்க மறுபடி அதே ஒத்த வரி. நாலு வருசமா இதேதான் நடக்குது."

"பத்தி ஒன்பதுன்னு போட்டிருக்கேனே, அதான்மா காரணம்."

"அது நம்பர் சார். காரணம் இல்ல. நான் குடிச்சது கடல் தண்ணியா? வீட்டுக் குழாய்த் தண்ணி. அதுல ஏன் கடல் காட்டுது?"

இதற்கு இளம்பரிதிக்கு விடை தெரியும். கடற்கரைப் பகுதிக்கு அரசே கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விட்டது. ஆலையில் உப்பைத்தான் எடுக்க முடியும். கடல் என்ற அடையாளம் தண்ணீரிலேயே தங்கிவிடும், அது எந்த வடிகட்டியிலும் நிற்காது. இதைத் தாளில் எழுதினால் பத்தி ஒன்பது எவ்வளவு அசட்டுத்தனமானது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். பத்தி ஒன்பதின் ஆசிரியர் தலைக்கு மேலே சட்டத்துக்குள் இருக்கிறார். எனவே இளம்பரிதி, "அது டெக்னிக்கல் விஷயம்மா, உனக்குப் புரியாது," என்றார்.

"அரசியல் சாசனம் எனக்குப் புரியுது சார்," என்றாள் அவள். "பேசுறது, கூட்டம் போடுறது, சங்கம் வைக்கிறது, இஷ்டப்பட்ட ஊருக்குப் போறது, இருக்கிறது, இதெல்லாம் குடிமக்களுக்குன்னு போட்டுட்டாங்க. சரி. ஆனா சட்டத்துக்கு முன்னாடி சமம்னு பதினாலாவது பிரிவுல சொல்லும்போது எந்த ஒரு ஆளுக்கும்னுதான் போட்டிருக்கு. குடிமகன்னு போடல. நான் ஆளுதானே சார்?"

"ஆமாம்மா. ஆளுதான்."

"அப்ப காரணம் குடுங்க."

"அடுத்த செவ்வாய்க்கிழமை வா," என்று சொல்லி இளம்பரிதி சன்னல் பலகையை இறக்கினார். அன்றைக்கு அவர் மனசு கொஞ்சம் உறுத்தியது. காபி குடித்ததும் சரியாகிவிட்டது.

*

அலுவலகத்துக்குப் பத்தாம் ஆண்டு நிறைவு வந்தது. ஊழியர்களுக்குப் பல் சோதனையிலிருந்து விலக்கு இருந்ததால், 'ஊருக்கு மட்டும்தான் உபதேசமா' என்று மக்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். இளம்பரிதிக்கு மறுபடியும் ஒரு யோசனை வந்தது. முதல் யோசனையின் கதி அவருக்கு இன்னும் தெரியாதே.

"விழா மேடையில நானே முதல் ஆளா சோதனை பண்ணிக்கிறேன். விலக்கை ரத்து பண்ணிடலாம்னு மேல எழுதுங்க."

ஹரிஷ்குமார் பேனாவை மூடினார். "வேணாம் சார்."

"ஹரிஷ் சார், நீங்க பத்து வருஷமா எல்லாத்துக்கும் வேணாம்தான் சொல்றீங்க."

"ரெண்டு தடவைதான் சார் சொல்லியிருக்கேன்."

இளம்பரிதிக்குப் பயம் எதுவும் இல்லை. அவர் பிறந்தது திருவான்மியூர் என்றாலும், வளர்ந்தது வீராணம் ஏரித் தண்ணீரில். இது அவருடைய அம்மா தன் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் சொல்லித் திரிந்த பெருமை. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு என்ன வருகிறதோ, நம் வீட்டுக்கு வீராணம். உறவினர் வந்தால் டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே, "வீராணம்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அந்த வார்த்தையோடு சேர்த்தே அவர் தண்ணீர் குடித்துப் பழகியிருந்தார்.

விழாவில் பன்னிரண்டு அடித் திரை வைத்தார்கள். இளம்பரிதி இருபது நிமிடம் பேசினார். "காகிதம் பொய் சொல்லும். மனிதன் பொய் சொல்வான். பல் பொய் சொல்லாது," என்று முடித்தபோது கைதட்டல் வந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். இயந்திரத்தின் மெல்லிய முனை கடைவாய்ப்பல்லைத் தொட்டு எடுத்தது. வலிக்கவே இல்லை. வாயைத் திறந்தபடியே அவர் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைக்க முயன்றார்.

திரையில் எழுத்து வந்தது.

'பிறப்புநீர்: கடல். நாடு: குறிப்பிட இயலாது.'

கூட்டம் திரையையே பார்த்தது. மங்கல இசையை ஒலிபரப்பியவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதால் நாதஸ்வரம் மட்டும் அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. "இயந்திரத்துல ஏதாச்சும் கோளாறு இருக்கும்," என்று இளம்பரிதி ஒலிவாங்கியில் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரிடம் முதலில் சொன்ன வாக்கியம் அதுதான் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அப்ப அது வீராணம் இல்லியாடா?" என்றாள் அம்மா. "நீ பொறக்குறதுக்கு முந்தின வருஷம் பைப்பு மாத்துறோம்னு தெருவெல்லாம் தோண்டிப் போட்டாங்க. அதுக்கப்புறம் பருப்பு சீக்கிரம் வெந்துச்சு. நான் ஏரியில நல்ல மழைன்னு நெனச்சுக்கிட்டேன்."

*

குடிமகன் இல்லாத வாழ்க்கை முதல் வாரத்தில் அவ்வளவு மோசமாக இல்லை. அடுக்குமாடி நலச் சங்கத்தின் செயலாளர் பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள். லிஃப்ட் பற்றிய புகார்கள் நின்றன. இப்படி ஒரு விடுதலை இருக்கிறதென்று தெரிந்திருந்தால் முன்னமே வாயைத் திறந்திருக்கலாமே என்றுகூட நினைத்தார்.

இரண்டாம் வாரம் செங்கல்பட்டில் ஒரு திருமணத்துக்கு ஓட்டுநரில்லாப் பேருந்தில் கிளம்பினார். மாவட்ட எல்லையில் வண்டி நின்று, 'பயண அனுமதி இல்லாதவர் இறங்கவும்' என்றது. எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். அவரும் சுற்றிப் பார்த்தார். வண்டி அவர் பெயரைச் சொன்னது. கையில் பரிசுப் பொட்டலத்தோடு வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று திரும்பும் வண்டி பிடித்தார். நடந்ததைப் பற்றி நான்கு வரி எழுதி வலைப்பக்கத்தில் போட முயன்றபோது, 'பொதுவில் கருத்து வெளியிடும் உரிமை தங்களுக்கு இல்லை' என்று வந்தது. கருத்து ஏதுமில்லை என்று எழுதினாலும் ஏற்காது போலிருக்கிறது என்று கசப்போடு நினைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி வெண்பா கும்பகோணத்துக்காரி. சுத்தமான காவிரிப் பல்.

"பேச்சு போச்சு, சங்கம் போச்சு, பயணமும் போச்சு," என்றார் அவளிடம்.

"உயிர் வாழ்ற உரிமை இருக்குல்ல? அது எல்லாருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க. அதை வச்சு சாப்பிட வாங்க," என்றாள் வெண்பா. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "என்னங்க, நாளைக்கு உங்களை எங்கேயாவது கொண்டுபோய் வச்சுடுவாங்களா?"

"எங்க கொண்டுபோவாங்க? கடல்லயா?" என்று அவர் சிரித்துக்காட்டினார். சோற்றைத் தட்டிலேயே அளைந்தார். பத்து வருடமாக இதே கேள்வியோடு எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் அன்றுதான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தார். தன் மீதே அவருக்கு அருவருப்பு வந்தது.

வேலை மட்டும் போகவில்லை. குடிமகன் அல்லாதவர் அந்தப் பதவியில் இருக்கக்கூடாதுதான். ஆனால் பொறுப்பை ஒப்படைக்காமல் எந்த அலுவலரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது அதைவிடப் பழைய விதி. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் இன்னும் வரவில்லை.

"நான் இந்த நாட்டு ஆளே இல்லைன்னு ஆயிடுச்சே சார்," என்று இணை இயக்குநரிடம் போனில் சொன்னார்.

"அதுக்கும் சீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? சீட்டு காலியா இருக்கக்கூடாது. புது ஆள் வர்ற வெள்ளிக்கிழமை ஜாயின் பண்றாரு. அதுவரைக்கும் நீதான் பார்த்துக்கணும்."

"என் மனுவே என் டேபிளுக்குத்தான் வரும் சார்."

"வரட்டும். நல்லதுதானே?" இணை இயக்குநரின் குரல் தணிந்தது. "இதைக் கேளு. ஊழியர் விலக்கை நீதானே ரத்து பண்ணச் சொன்ன? அந்த ரத்து விழாவுக்கு மறுநாள்லேருந்துதான் அமல்னு ஒரு திருத்தம் போட்டுத் தர்றேன். அப்போ உன் சோதனையே செல்லாது. 'ஊழியர் விலக்கின்படி மனு ஏற்கப்படுகிறது'ன்னு ஒரே வரி எழுதி ஃபைலை மூடு. டிபார்ட்மென்ட் மானமும் தப்பிக்கும். உன் பென்ஷனும் தப்பிக்கும்."

"மத்தவங்க ஃபைல் சார்?"

"மத்தவங்க ஊழியர் இல்லையே."

*

செவ்வாய்க்கிழமை அவருடைய மனு விசாரணைக்கு வந்தது. அறிவிப்பை அனுப்பியவர் இளம்பரிதி, பதிவுத் தபாலில் கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் இளம்பரிதி. விதிப்படி மனுதாரர் வெளியே காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் சன்னலுக்கு வரவேண்டும். ஹரிஷ்குமார் விதியில் ஒரு நூல் இழை தவறாத மனிதர். எனவே இளம்பரிதி டோக்கன் எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்," என்றாள் ஜெனிலா.

அவர் தள்ளி உட்கார்ந்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரே வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு வழி சொல்லியிருக்காங்க. ஊழியர் விலக்கு. ஒரு வரியில முடிஞ்சுடும்."

"எழுதிக்கோங்க சார். உங்க வூட்லயும் நாலு பேர் இருப்பாங்க."

"உங்க எல்லாரையும் சேர்த்து ஏத்துக்கிட்டு எழுதிடவா?"

"பத்தி ஒன்பதை மீறி எழுத உங்களுக்குப் பவர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப மறுநாளே அடிச்சுப் போட்டுடுவாங்க. நாங்க முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு சலுகை வேணாம் சார். என்னைத் தள்ளுங்க, ஆனா ஏன் தள்ளுறீங்கன்னு முழுசா எழுதுங்க. அது கையில இருந்தா கோர்ட்டு திருப்பி அனுப்ப முடியாது. பத்தி ஒன்பது சரியா தப்பான்னு பார்த்தே ஆகணும். நாலு வருசமா நான் இத மட்டும்தானே கேக்குறேன்?"

ஆமாம், அவள் அதை மட்டும்தான் கேட்டிருந்தாள். நான்கு வருடத்துச் செவ்வாய்க்கிழமைகள். ஒரு தாளில் பத்து வரி எழுதும் வேலை.

"இளம்பரிதி," என்று உள்ளேயிருந்து ஹரிஷ்குமார் கூப்பிட்டார். விதிப்படி மூன்று முறை கூப்பிட்டார். இளம்பரிதி எழுந்து சன்னலருகே போனார். நின்றால் சுவர்தான் தெரிந்தது. குனிந்தார். இடுப்பில் பிடித்தது. துளை வழியாகத் தன் காலி நாற்காலியும் அதன் பின்னால் சட்டம் போட்ட பாராட்டுக் கடிதமும் தெரிந்தன. இந்தப் பக்கம் நின்று அவர் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. ஆணியை இரண்டு முறை மாற்றி அடித்ததில், கடிதம் சரியாக மனுதாரர் கண்ணுக்கு நேராக வந்திருந்தது.

அவர் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கதவை மூடிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். ஒரு வரி எழுதிப் பழகிய கை, இரண்டாவது வரிக்கு நகர மறுத்தது. 'ஊழியர் விலக்கின்படி' என்றுதான் முதலில் எழுதினார். வெண்பாவின் முகம் நினைவில் இருந்தது. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிழித்தார். பிறகு மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

'மனுதாரர் திருவான்மியூரில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டில் அப்பகுதிக்கு வழங்கப்பட்ட குடிநீர், கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்பட்டது. சுத்திகரித்தது அரசு. குழாயில் விட்டதும் அரசு. அரசு கொடுத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்ததற்காக அதே அரசு அவரை அந்நியர் என்கிறது. ஏரித் தண்ணீர் கிடைத்த தெருவில் பிறந்தவர் குடிமகன், கடல்நீர் கிடைத்த அடுத்த தெருவில் பிறந்தவர் குடிமகன் அல்ல என்பது சட்டத்தின் முன் சமம் ஆகாது என்பதை இந்த அலுவலர் அறிவார். எனினும் பத்தி ஒன்பது நடைமுறையில் உள்ளவரை வேறு உத்தரவிட இவருக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பத்தியை எழுதியவர் இந்த அலுவலரே. எழுதுவதற்கு முன் தன் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று அவர் விசாரிக்கவில்லை. காரணம் தெரிந்த பின்னும் பல ஆண்டுகள் அதை எழுதாமல் மறைத்தார். மேற்கண்ட காரணங்களுடன் மனு நிராகரிக்கப்படுகிறது. இதே காரணங்கள், ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்களுக்கும் பொருந்தும்.'

கையெழுத்துப் போட்டார். கடிதத்தை ஆணியிலிருந்து கழற்றி அலமாரிக்கு அடியில் வைத்தார். சன்னல் பலகையைத் தூக்கிப் பிரதியை நீட்டியபோது ஜெனிலா குனிந்து வாங்கி, அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தாள்.

"ஏன் சார், இத எழுத ஒரு மத்தியானம்தான் ஆச்சா?" என்றாள்.

என்ன சொன்னாலும் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கே கோர்ட்ல போடுறேன். நீங்களும் வாங்க. அதுக்குக் குடிமகனா இருக்கணும்னு இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

மாலையில் அலுவலகம் காலியானது. வெள்ளிக்கிழமை வரப்போகும் புது அலுவலருக்கு ஒப்படைக்க வேண்டிய கோப்புகளை இளம்பரிதி அடுக்கிக்கொண்டிருந்தார். ஹரிஷ்குமார் உள்ளே வந்து, அந்த உத்தரவின் அலுவலகப் பிரதியை எடுத்துப் படித்தார். பத்து வருடமாக முந்நூற்றுப் பன்னிரண்டு ஒற்றை வரிகளையும் தட்டச்சு செய்தவர் அவர்தான். மெதுவாகப் படித்து முடித்துத் தாளை மேஜையில் நேராக வைத்தார்.

"சொல்லுங்க ஹரிஷ் சார். இதுக்கும் வேணாம்னு சொல்லப்போறீங்களா?"

"இல்ல சார்." அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் பழுத்துப்போயிருந்தது. "மொதல் மொதலா மெஷின் ட்ரையலுக்கு வந்துச்சே சார், அன்னிக்கு நீங்க லீவு. சும்மா பார்க்கலாமேன்னு என் பல்லை வச்சேன்."

இளம்பரிதி தாளைப் பிரித்தார். 'பிறப்புநீர்: கடல்' என்று மங்கலாகத் தெரிந்தது. தேதி, வரைவு விதிகள் வந்த அதே வாரம்.

"அன்னிக்கு அதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். டிராஃப்ட்ல கடலைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. நான்பாட்டுக்கு வீட்ல போய், நான் கடல் பையன்னு சொல்லிச் சிரிச்சேன். நாலு நாள் கழிச்சு நீங்க கருத்து எழுதினீங்க."

பத்து வருடம் இந்த மனிதர் அடுத்த மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிராகரிப்பையும் தன் கையால் தட்டச்சு செய்து, ஒவ்வொரு முறையும் தன் பையிலிருக்கும் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இளம்பரிதி அவரைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"வேணாம்னு சொன்னேனே சார்," என்றார் ஹரிஷ்குமார். "அதுக்கு மேல சொல்ற தைரியம் இல்ல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க." பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கும் ஒரு உத்தரவு எழுதிக் குடுத்துடுங்க சார். நிராகரிப்புதான், தெரியும். காரணத்தோட குடுங்க."

இளம்பரிதி எழுந்து, தன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மனுதாரருக்கென்று அந்த அறையில் ஒரு நாற்காலி போடப்பட்டது அதுதான் முதல் தடவை. ஹரிஷ்குமார் தயங்கி உட்கார்ந்தார். இளம்பரிதி புதிய தாளை எடுத்து, மனு எண் முந்நூற்றுப் பதினான்கு என்று மேலே எழுதினார்.

"நீங்க எந்தத் தெருவுல பொறந்தீங்க சார்?" என்று கேட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.